கோழித் தீவனம் என்று 84,000 ரூபாய் கொடுத்துத் திப்பி (மரவள்ளிக்கிழங்குச் சக்கை) வாங்கியிருக்கிறேன்! சேலம் பக்கத்துப் பண்ணைக்காரர்களே, உஷார்

வயிறு எரிகிறது. வார்த்தை முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாழப்பாடி பக்கம் சொந்தமாகக் கறிக்கோழி வளர்க்கிறேன், கம்பெனிக் குஞ்சு கிடையாது. இந்த பேட்ச் 1000 கோழி. ஃபினிஷர் (விற்பதற்கு முன் கடைசி வாரங்களில் போடும் தீவனம்) வாங்க சேலம் டவுனில் ஒரு மொத்தத் தீவனக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினார். "மோந்து பாருங்கண்ணா, மக்காச்சோள வாசம் தூக்குது பாருங்க. எனர்ஜி கிலோவுக்கு 3200 கிலோகலோரி நிக்குது. உங்களுக்குப் போய் கெட்டதத் தருவனா?" டீ வேறு வாங்கிக் கொடுத்தார். பிரித்துக் காட்டிய மூட்டை நல்ல தீவனம்தான். வண்டியில் ஏறியதுதான் வேறு. 40 மூட்டை, மூட்டை 2,100. ஆக 84,000 ரூபாய், எண்ணிக் கொடுத்தேன்.

மூன்று வாரக் கோழிக்கு அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து தீவனம் மட்டும் காலியாகிறது, எடை ஏறவில்லை. எரிசக்தி குறைந்தால் கோழி அதை ஈடுகட்ட அதிகமாகத் தின்னப் பார்க்கும். கூடவே நாரும் அதிகமாக இருந்தால் வயிறு ரொம்பும், உடம்பில் ஒட்டாது. 35 நாளில் 2 கிலோ நிற்க வேண்டிய கோழி ஒன்றரைக் கிலோவைத் தாண்டவில்லை. தீவனத் தட்டின் அடியில் வெள்ளையாக ஒரு நார்த்தூள், கோழி அதைத் தொடவே இல்லை. அதை அள்ளி ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி வாய்க்கால் வாடை! சேலத்துக்காரனுக்கு அதைச் சொல்லித் தரணுமா? மரவள்ளித் திப்பி. மாட்டுக்குப் போடலாம், நான் திப்பியைக் குறை சொல்லவில்லை. ஆனால் மக்காச்சோளத்தில் கிலோவுக்குச் சுமார் 3300 கிலோகலோரி இருக்கிறது. திப்பி அதற்குக் கிட்டவே வராது.

போன் போட்டால், "வெயிலுங்கண்ணா, கோழி எப்படி ஏறும்?" அடுத்த தடவை, "குஞ்சு சரியில்லைங்க, ஹேச்சரியைக் கேளுங்க." அப்புறம், "தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க." நேரில் போனால் கடைப் பையன், முதலாளி ஏற்காடு போயிருக்கார் என்கிறான். உள்ளே அவர் இருமுவது எனக்குக் கேட்கிறது! பில்லை நீட்டினால், "இதுல தீவனம்னுதானே போட்டிருக்கு, ஃபினிஷர்னு எங்க இருக்கு?" என்கிறார். 84,000 ரூபாய்க்கு இதுதான் பதில்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தேன். நார்ச்சத்து 8 சதவீதம். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) தரப்படி ஃபினிஷரில் 5-க்கு மேல் இருக்கக் கூடாது. ரிப்போர்ட்டை வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன்.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. காட்டுகிற மூட்டையை நம்பாதீர்கள், வண்டியில் ஏறுகிற மூட்டையில் நீங்களே கை விட்டு எடுங்கள். பில்லில் என்ன தீவனம், எந்த பேட்ச் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு கிலோவைக் கட்டித் தனியாக எடுத்து வையுங்கள். ஊறப் போட்டு மோந்து பாருங்கள். கோழி பிடிக்கிற வண்டி வந்துவிட்டது, எடை போடப் போகிறேன்.