விரல் மூட்டு வலியோடு சமையலறையில்: எது உதவியது, எது உதவவில்லை

எனக்கு முடக்குவாதம் (டாக்டர்கள் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வந்து வருடங்கள் ஆகிவிட்டன. அது முதலில் பிடித்தது கைவிரல்களைத்தான். நோயைக் கட்டுக்குள் வைப்பது மருந்து; அதை விடாமல் சாப்பிடுகிறேன். அதற்கு மேல் அன்றாடம் புழங்கும் சாமான்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வலி வந்த பிறகு தணிக்கிற பொருட்களைவிட, மூட்டின் மேல் பாரம் விழாமல் வேலை செய்ய விடுகிற பொருட்களே எனக்கு அதிகம் கைகொடுத்தன. கடையில் கேட்டால் என்னவோ முதல் வகையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

கரண்டி, கத்தி, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றுக்கும் காம்பு ஒல்லி. காம்பு ஒல்லியாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், இறுக்கினால் வலி. இதற்கு ஏசி குழாயின் மேல் மாட்டும் கறுப்பு ஃபோம் உறைதான் நான் கண்ட நல்ல தீர்வு. ஏசி உதிரிபாகக் கடையில் கிடைக்கும். காம்பின் நீளத்துக்கு வெட்டிச் செருகினால் போதும், விரலை முழுக்க மடக்காமலே பிடி கிடைத்துவிடும். கழுவியதும் உருவிக் காயவைக்க வேண்டும், அடுப்புத் தீயின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

பாட்டில் மூடிக்கு ஒரு ரப்பர் துண்டு. அதை மூடிமேல் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி, தோளிலிருந்து திருப்புவேன். விரல்களுக்கு வேலையே இல்லை. புது ஊறுகாய் பாட்டில் என்றால் ஸ்பூன் முனையால் மூடியை லேசாக நெம்பி, ‘டப்’ என்று காற்று உள்ளே போன பிறகு திருப்புங்கள். துணியைப் பிழிவது இன்னொரு பாடு. ஈரத்துணியைக் குழாயில் மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்து உள்ளங்கைகளுக்கு நடுவே முறுக்கினால் சுலபம். திருகு குழாயை மாற்றி லீவர் குழாய் போட்ட செலவு முழுக்கத் தகும், முழங்கையாலேயே திறக்கலாம். கயிறு இழுத்து நறுக்கும் சாப்பர் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. இழுக்கும் பாரம் முழுவதும் விரல் மூட்டில்தான் விழுகிறது.

காலையில் விரல் மடங்காது. பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கையை மூழ்கவைத்து மெல்ல மடக்கி நீட்டுவேன். அப்புறம்தான் பால் பாக்கெட்டையே வெட்ட முடியும். ரப்பர் வெந்நீர் பை தோளுக்கும் முழங்காலுக்கும் சரி, விரலில் அது ஒட்டி உட்காராது. அதில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள். துண்டு சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு உறைக்காமலே கொப்பளம் வந்துவிடும், ரொம்ப ஜாக்கிரதை. மூட்டு சிவந்து வீங்கி அனலாக இருக்கும் நாளில் துணியில் சுற்றிய ஐஸ்தான் எனக்குச் சுகம்.

டென்ஸ் மெஷின் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தோலில் ஒட்டும் பேட் வழியாக மெல்லிய மின்துடிப்பு அனுப்பும் கருவி அது. தொடு உணர்வின் சமிக்ஞைகள் தண்டுவடத்தில் வலியின் வழியை அடைக்கும் என்று ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-ல் சொன்ன கோட்பாடுதான் இதற்கு அடிப்படை. எனக்கு இடுப்பு வலிக்கு மெஷின் ஓடுகிற நேரத்துக்கு இதமாக இருக்கிறது, நிறுத்திய கொஞ்ச நேரத்தில் வலி திரும்பிவிடுகிறது. பேட்டின் பசை போய்விட்டால் புதிது வாங்கத்தான் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கம் யாருமே ஒட்டக் கூடாது.

மணிக்கட்டுக்குப் போடும் ஸ்ப்லின்ட்டை (மூட்டை அசையாமல் தாங்கும் பட்டை) நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருந்தால் கை இன்னும் விறைக்கிறது. தூங்கும்போதும் பாரம் தூக்கும்போதும் மட்டும் போடுகிறேன். வாங்குமுன் பிசியோதெரபிஸ்ட்டிடம் கையைக் காட்டி அளவு பார்த்துக்கொள்ளுங்கள். வெல்க்ரோவில் நூலும் தூசியும் சேர்ந்தால் பிடிக்காது; பழைய பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தால் திரும்பவும் ஒட்டும்.