ஒப்பந்த வேலை நேர்காணலில் "அடுத்து என்ன?": எந்தப் பதில் எங்கே எடுபடும்

இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் "ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீங்க?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். கேட்பவரின் கவலை ஒன்றே ஒன்று: இவர் பாதியில் கிளம்பிவிடுவாரா? திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. எட்டாவது மாதத்தில் ஆள் போனால் மறுபடி விளம்பரம், மறுபடி நேர்காணல், புது ஆளுக்கு மறுபடி பயிற்சி என்று மீதிக் காலம் கரைந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் மூன்று: "இங்கேயே நிரந்தரம் ஆகணும்", "மேலே படிக்கணும்", "இந்தத் தொழில்நுட்பத்தில் கை தேறணும்". "நீங்க எங்கே வெச்சாலும் சரி" என்ற நான்காவது பதில் எங்கேயும் எடுபடாது. யோசிக்காமல் வந்திருக்கிறார் என்பதைத் தவிர அதில் எந்தச் செய்தியும் இல்லை.

நிரந்தரம் ஆகணும்

பொதுத்துறையில் இது தவறான பதில். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் டிரெய்னி இன்ஜினியர், ப்ராஜெக்ட் இன்ஜினியர் பணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னது பெரும்பாலும் 2 ஆண்டு, நீட்டித்தால் 3; பின்னது 3 ஆண்டு, நீட்டித்தால் 4. வேலை தற்காலிகமானது என்பது விளம்பரத்திலேயே இருக்கும். கர்நாடக அரசு எதிர் உமாதேவி வழக்கில் 2006 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்புப்படி, தற்காலிகப் பணியில் இருந்ததை மட்டும் வைத்து நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது. அதனால் எதிரே இருப்பவர் நல்ல மனசோடு இருந்தாலும் வாக்குக் கொடுக்க மாட்டார். நிரந்தரம் என்ற பேச்சை எடுத்தாலே, விளம்பரத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றோ நாளை கோர்ட்டுக்குப் போவார் என்றோ எண்ணம் விழும்.

மென்பொருள் துறையின் 'கான்ட்ராக்ட் டு ஹயர்' வேலையில் கதை தலைகீழ். முதல் 6 மாதமோ 12 மாதமோ ஆள் சேர்த்துத் தரும் ஏஜென்சியின் பேரோல் (சம்பளப் பட்டியல்), பிடித்திருந்தால் நீங்கள் வேலை செய்யும் நிறுவனமான க்ளையன்ட் எடுத்துக்கொள்ளும். இங்கே நிரந்தரம் வேண்டும் என்று சொல்லாவிட்டால்தான் சந்தேகம் வரும். ஆனால் இதை க்ளையன்ட் தரப்பு மேனேஜரிடம் சொல்ல வேண்டும். ஏஜென்சி ரெக்ரூட்டருக்கு நீங்கள் எப்போது சேர்வீர்கள், கையில் வேறு ஆஃபர் இருக்கிறதா என்பதே முக்கியம். மேனேஜரிடம் பதிலோடு நிறுத்தாமல், போன முறை எடுத்தவர்களில் எத்தனை பேர் கன்வர்ட் (நிரந்தரம்) ஆனார்கள், எத்தனையாவது மாதம் ரிவ்யூ என்றும் கேளுங்கள். எண்ணிக்கை சொல்லத் தயங்கினால் 'டு ஹயர்' பெயரளவுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அனுபவச் சான்றிதழ் பொதுவாக பேரோல் கம்பெனியின் பெயரில்தான் வரும். அடுத்த வேலைக்கு க்ளையன்ட் பெயர் வேண்டுமென்றால் அதையும் சேரும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.

மேலே படிக்கணும்

ஐ.ஐ.டி., மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் போன்ற இடங்களின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) பணிக்கு இதுதான் பொருத்தமான பதில். அந்தப் பணியின் நோக்கமே அது. உதவித்தொகையும் (2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், அதற்கு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) 42,000, வீட்டு வாடகைப்படி தனி) முனைவர் பட்டத்தை மனதில் வைத்தே அமைந்தது. ஆனால் கணக்குப் போடாமல் சொல்லக் கூடாது. யு.ஜி.சி. 2022 விதிப்படி பிஎச்.டி. குறைந்தது 3 ஆண்டு. திட்டத்தில் மீதி 14 மாதம்தான் என்றால், மிச்ச ஆண்டுகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பேராசிரியர் மனதில் எழும். "திட்டம் எந்த மாதம் முடிகிறது? பதிவு செய்ய இடமுண்டா?" என்று முதலில் கேட்டுவிட்டு இலக்கைச் சொல்பவர் தனித்துத் தெரிவார்.

இதே பதிலைப் பொதுத்துறை ஒப்பந்தத்திலோ தனியார் வேலையிலோ சொன்னால் ராஜினாமாத் தேதியை முன்கூட்டிச் சொன்னது போலாகும். எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில், ஜூலையில் வகுப்பு தொடங்கும் என்பது எதிரே இருப்பவருக்கும் தெரியும். அதற்காகப் பொய் சொல்ல வேண்டாம். கேட் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். "எழுதுகிறேன், ஆனால் இந்த ஒப்பந்தம் முடிந்த பிறகே சேர்வேன்" என்பது உண்மையாகவும் இருக்கலாம், நம்பும்படியும் இருக்கும். அப்படிச் செய்யும் எண்ணம் இல்லாதவர் அதைச் சொல்லாமல் இருப்பதே நேர்மை.

கை தேறணும்

எல்லா இடத்திலும் எடுபடும் பதில் இது. ஆனால் பெரும்பாலோர் இதை வீணாக்குகிறார்கள். "எம்பெடட் துறையில் நிபுணர் ஆக வேண்டும்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஒப்பந்தக் காலத்துக்குள் அடங்கும்படி சொல்ல வேண்டும். வண்டிகளின் மின்னணு போர்டுகளைச் சோதிக்கும் 12 மாத வேலைக்கு இப்படி (கேன் பஸ் என்பது வண்டியின் மின்னணுப் பாகங்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு):

"முதல் மூணு மாசத்தில் உங்க போர்டும் டெஸ்ட் செட்டப்பும் கைக்கு வந்துடணும். அப்புறம் கேன் பஸ் பக்கம் முழுப் பொறுப்பையும் எடுத்து ஃபெயிலியர் ரிப்போர்ட் நானே எழுதணும். கடைசி ரெண்டு மாசம், அடுத்து வர்றவர் யாரையும் கேட்காம ஓட்டுற மாதிரி டாக்குமென்ட் பண்ணிக் கொடுத்துட்டுப் போகணும். அதுக்கப்புறம் ஆட்டோமோட்டிவ் டெஸ்டிங்லயே தொடரணும்."

இதில் எடையுள்ள வரி டாக்குமென்ட் பற்றியது. ஆள் போகும்போது அவர் தலையில் இருப்பதும் கூடவே போய்விடும் என்பது ஒப்பந்த ஆட்களை வைத்து வேலை வாங்கும் எல்லோருக்கும் உள்ள பயம். அந்தப் பயத்தை அவர் கேட்காமலே தீர்த்துவிடுகிறீர்கள். ஒப்பந்தத்துக்குப் பிந்தைய இலக்குக்கு ஒரு வாக்கியம் போதும். அது இந்த வேலையின் தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டும். டெஸ்டிங் வேலைக்கு வந்து டேட்டா சயின்ஸ் கனவைச் சொன்னால் மேலே சொன்னதெல்லாம் பாழ்.

எந்தப் பதிலைச் சொன்னாலும் அடுத்து ஒரு கொக்கி விழும்: "நடுவில் நிரந்தர வேலை கிடைச்சா போயிடுவீங்களா?" "மாட்டேன்" என்றால் நம்ப மாட்டார்கள், "ஆமா" என்றால் எடுக்க மாட்டார்கள். "போகும் நிலை வந்தால் நோட்டீஸ் காலம் முழுக்க இருந்து, கையில் இருக்கும் கட்டத்தை முடித்து ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன்" என்பதே சொல்லத் தக்கது. அதற்கு நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பது விளம்பரத்தில் இருந்தால் முந்தின நாளே பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே கேட்டுவிடுங்கள்.