எம்.எட். முடித்து ஆறு வருடம்: ஒரு நண்டுக் கணக்கு

போன வாரம் மதிய இடைவேளையில், பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சர் கேட்டாள்: "அக்கா, எம்.எட். சேரட்டுமா? பகுதி நேரத்துலயே வரப்போகுதாமே?" வாயில் தயிர்சாதத்தோடு "வேண்டாம்" என்றேன். கோபத்தில் சொன்ன பதில் அது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பி.எட்.டுக்கு மேல் படிக்கிற முதுகலைக் கல்விப் படிப்பான எம்.எட்.டில் நான் சேர்ந்தது 2017இல். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட்., எம்.எட். இரண்டுமே இரண்டு வருடமாகிவிட்டன. தண்டையார்பேட்டையில் பார்த்துக்கொண்டிருந்த மெட்ரிக் பள்ளி வேலையை விட்டேன். தினமும் கும்மிடிப்பூண்டி ரயிலில் போய் வந்தேன். வருடத்துக்கு 200 வேலை நாள், 80 சதவீத வருகை என்று விதி சொல்கிறது. எங்கள் வகுப்பில் ஐம்பது பேர். தினமும் வந்தவர்கள் பதினெட்டுப் பேர். மீதிப் பேரை செமஸ்டர் பரீட்சை ஹாலில்தான் முதன்முதலில் பார்த்தேன். அவர்களுக்கும் வருகைப் பதிவேட்டில் என்னைவிட ஒன்றிரண்டு நாள் கூடுதல். அதற்குத் தனிக் கட்டணம் என்று அப்புறம் தெரிந்தது. வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அடுத்து ஆய்வேடு. மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவும் கல்வி அடைவும் என்று தலைப்பு. நானாகத் தேர்ந்தெடுத்ததல்ல, அலமாரியில் இருந்த பழைய ஆய்வேடுகளில் எது எளிதோ அது. முந்நூறு பிள்ளைகளுக்கு வினாத்தாள் கொடுத்தேன். ராயபுரத்தில் ஒரு வகுப்பில் வரிசையாக நாற்பது பேர் நடுக் கட்டத்திலேயே டிக் அடித்து, ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேரம் விளையாடப் போய்விட்டார்கள். அதையும் எண்ணில் சேர்த்தேன். ஆண் பெண், தமிழ்வழி ஆங்கிலவழி, கூட்டுக்குடும்பம் தனிக்குடும்பம் என்று பிரித்து, இரண்டுக்கும் வேறுபாடு இல்லை எனப் பதினான்கு கருதுகோள்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழுக்களின் சராசரி வேறுபாட்டைச் சோதிக்கும் டி மதிப்பு போட்டு, 1.96க்குக் கீழே வந்தால் "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, கருதுகோள் ஏற்கப்பட்டது." ஏற்கப்பட்டது என்று எழுதக்கூடாது, நிராகரிக்க ஆதாரமில்லை என்றுதான் எழுத வேண்டும் என்று அதே துறையின் புள்ளியியல் புத்தகத்தில் இருக்கிறது. வழிகாட்டி அம்மாவிடம் காட்டினேன். "எல்லாரும் இப்படித்தான்மா எழுதறாங்க, வைவால கேக்க மாட்டாங்க" என்றார். கேட்கவில்லை. மண்ணடியில் கருப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, நான்கு பிரதி. ஒன்று என் வீட்டு லாஃப்டில் கிடக்கிறது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு உயர்கல்வி முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு என்று ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் அதை நம்பித்தான் ஃபீஸ் கட்டினார். நான் முடித்தது 2019. 2020 மார்ச்சில் அரசாணை போட்டு அதை நிறுத்திவிட்டார்கள்! பள்ளியில் மேல்நிலை வகுப்பு எடுக்கிற பி.ஜி. அசிஸ்டெண்ட் ஆக வேண்டுமென்றால் பாடத்தில் முதுகலையும் பி.எட்.டும்தான் தேவை, எம்.எட். கேட்பதில்லை. பி.எட். கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்குத்தான் அது நேரடியாக உதவும். வேலையில் இருப்பவர்களும் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் எல்லாம் டெட் புத்தகத்தோடு அலைகிறார்கள். அதில் தேற எம்.எட். ஒரு மார்க்கும் சேர்த்துத் தராது.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மதிப்பீட்டுத் தாளில் ஒரு யூனிட்டில் பாதி, ஐட்டம் அனாலிசிஸ், அதாவது பரீட்சையின் ஒவ்வொரு கேள்வியும் சரியான கேள்வியா என்று சோதிப்பது. மேடம் ஒன்றரை பீரியடில் முடித்துவிட்டார். ஆறு வருடமாக நான் வேலைக்குப் பயன்படுத்துவது அது ஒன்றைத்தான்.

விஷயம் ரொம்பச் சின்னது. திருத்திய தாள்களை மொத்த மார்க் வரிசையில் அடுக்க வேண்டும். மேலே இருந்து 27 சதவீதம், கீழே இருந்து 27 சதவீதம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கேள்வியை மேல்கட்டில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், கீழ்க்கட்டில் எத்தனை பேர் என்று எண்ணிக் கழித்து, ஒரு கட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 0.40க்கு மேல் வந்தால் அருமையான கேள்வி. 0.20க்குக் கீழே வந்தால் கேள்வியில் கோளாறு. மைனஸில் வந்தால்? நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் தவறவிட, படிக்காதவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

2022இல் ஒன்பதாம் வகுப்பு, கணுக்காலிகள் பாடம். 44 பேர், அதில் கட்டுக்கு 12. "நண்டுக்கு எத்தனை கால்கள்?" நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சரியான விடை 10. மேல்கட்டில் மூன்று பேர்தான் சரி, கீழ்க்கட்டில் ஏழு பேர். மைனஸ் 0.33. கெட்டிக்காரப் பிள்ளைகள் 8 என்றும் 6 என்றும் போட்டிருந்தார்கள். அதில் காசிமேட்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்பா போட்டில் போகிறவர். அவன் விரலை மடக்கி எண்ணிக் காட்டினான்: "முன்னாடி ரெண்டு கொடுக்கு மிஸ், புடிக்கறதுக்கு. கடைசி ரெண்டு துடுப்பு, நீஞ்சறதுக்கு. நடுவுல ஆறுதான் காலு."

நீந்துகிற கடல்நண்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னங்கால் இரண்டும் துடுப்பு மாதிரி தட்டையாகவே இருக்கும். கொடுக்கையும் துடுப்பையும் காலாகவே எண்ணுவது புத்தகக் கணக்கு. அந்தப் பையனுக்கு மார்க் போட்டேன். 8 போட்டவர்களுக்கும்தான். இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருந்தால் "சரியா படிக்கல" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

அப்படியானால் சேரலாமா? வேண்டாம் என்பதுதான் இப்போதும் என் பதில். 2025 பிப்ரவரியில் வந்த வரைவு விதிகளில் ஒரு வருட எம்.எட்.டும், வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு வருடப் பகுதி நேர எம்.எட்.டும் இருக்கின்றன. வரட்டும், அப்போது பார்க்கலாம். இப்போது டெட் படி என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நண்டுக் கதையையும் சொன்னேன். சாயங்காலம் தன் எட்டாம் வகுப்புத் தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஐந்தரை வரை எண்ணினோம். பின்னத்தில் ஒரு கேள்வி மைனஸ் 0.25. ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. நாளைக்கு மேல்கட்டுப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.