காட்பாடி கோச்சிங்கா, பள்ளிக்கூடப் புத்தகமா? என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு இரண்டு பிள்ளைகள் படித்த விதம்

எங்கள் குடும்பத்தில் ஒரே வருசத்தில் இரண்டு பிள்ளைகள் எட்டாம் வகுப்பு. என் மகள் குடியாத்தத்தில் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அக்கா மகன் கே.வி.குப்பத்தில் அரசு உதவி பெறும் பள்ளி, அவனும் தமிழ் மீடியம்தான். இருவருக்கும் அறிவியல் என்றால் உயிர். பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப், முடிந்தால் அரசு மாதிரிப் பள்ளி என்று இப்போதே பேசிக்கொள்வார்கள். அந்த வழியில் முதலில் எதிர்ப்படும் பெரிய தேர்வு என்.எம்.எம்.எஸ்., அதாவது எட்டாம் வகுப்பில் எழுதும் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு. அக்கா தன் மகனைக் காட்பாடியில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்தாள். எனக்கு அந்தப் பணம் புரளவில்லை. மகள் புத்தகத்தை வைத்துக்கொண்டும், சாயங்காலம் பள்ளியில் அறிவியல் சார் எடுத்த வகுப்பிலும் படித்தாள். இரண்டையும் ஒரு வருசம் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். இதே யோசனையில் இருக்கும் அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நிறைய பேர் தேர்வைப் பார்க்காமல் சென்டரைத்தான் பார்க்கிறார்கள். மொத்தம் 180 கேள்வி. மனத்திறன் 90, படிப்பறிவு 90. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். படிப்பறிவில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. தவறான விடைக்கு மார்க் குறைப்பது கிடையாது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வருசத்துக்கு 12,000 ரூபாய், நான்கு வருசத்துக்கு 48,000. தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 இடம். கேள்வி வருவது ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலிருந்து. இந்தக் கடைசி வரியைத்தான் நாங்கள் எல்லோரும் லேசாக எடுத்துக்கொண்டோம்.

சென்டரில் ஒரு வருசத்துக்கு 18,000 கட்டினாள் அக்கா. சனி, ஞாயிறு காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை வகுப்பு. கே.வி.குப்பத்தில் பஸ் ஏறி, லத்தேரி வழியாகக் காட்பாடி போய் இறங்க வேண்டும். வீடு திரும்பினால் சாப்பிட்டுப் படுக்கத்தான் உடம்பு கேட்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஃபீஸ் கணக்குப் போடும்போது, வாரத்தில் இருக்கிற இரண்டு ஓய்வு நாளும் போகிறது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். எங்கள் பக்கம் ஆன செலவு ஜெராக்ஸ் கடைக்குத்தான். பழைய வினாத்தாள், விடைக்கு வட்டம் நிரப்புகிற ஓ.எம்.ஆர். தாள் எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது.

மனத்திறனில் சென்டர்தான் முன்னால் நின்றது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண் தொடர், எழுத்துத் தொடர், ஒப்புமை, திசை, இரத்த உறவு, கண்ணாடி பிம்பம், பகடை என்று இந்தக் கேள்விகள் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத வகை. என் மகள் முதல் முறை நீர் பிம்பக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். அப்படித் திருப்பினால் மேல் கீழோடு இடம் வலமும் சேர்ந்து மாறிவிடும். நீர் பிம்பத்தில் மேல் கீழ் மட்டும்தான் மாற வேண்டும். அக்கா மகன் அதற்குள் இருபது வகையைப் பழகி முடித்திருந்தான். ஜூலை மாதத்தில் இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் நவம்பரில் அந்த மலை பாதி கரைந்துவிட்டது. பழைய வினாத்தாள் பத்தைத் திரும்பத் திரும்பப் போட்டதும் அவளுக்கும் வகைகள் பிடிபட்டன. மனத்திறனில் வகைகள் எண்ணிக்கைக்கு அடங்கியவை. பழகினால் மூன்று மாதத்தில் கைக்குள் வந்துவிடும். அதற்கு ஒரு வருசம் தேவையில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம் என் மனதில் தங்கிவிட்டது. 2, 6, 12, 20, 30, அடுத்து என்ன? சென்டரில் சொல்லிக்கொடுத்தபடி அவன் வித்தியாசம் எடுத்தான். 4, 6, 8, 10, அடுத்தது 12, ஆகவே 42. மூன்று விநாடி. மகள் கொஞ்சம் தடவினாள். பிறகு 1×2, 2×3, 3×4, 4×5, 5×6 என்று எழுதி, அடுத்தது 6×7, 42 என்றாள். விடை ஒன்றுதான், வேகத்தில் அவன். நான் சும்மா கேட்டேன், இந்தத் தொடரில் ஐம்பதாவது எண் என்னடா என்று. அவன் கூட்டிக்கொண்டே போனான். அவள் 50×51, 2550 என்று எழுதிவிட்டாள். தேர்வுக்கு அவன் வழி நல்லது, சந்தேகமில்லை. பிளஸ் ஒன் கணக்குக்கு அவள் வழி கைகொடுக்கும். பிள்ளைகளுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

அறிவியலுக்கு வருவோம். இங்கேதான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்டரில் அறிவியலுக்குக் கொடுத்தது ஃபவுண்டேஷன் புத்தகம். இங்கிலீஷில் அச்சடித்தது, சி.பி.எஸ்.இ. பாடத்தை ஒட்டியது. நல்ல புத்தகம்தான். ஆனால் தேர்வு கேட்பது நம் சமச்சீர்ப் புத்தகத்தை. வினாத்தாள் தமிழிலும் இருக்கும், இங்கிலீஷிலும் இருக்கும். இருந்தாலும் அவன் தலைக்குள் பாடம் ஒரு மொழியிலும் பள்ளிக்கூடம் ஒரு மொழியிலும் நின்றன. இனர்ஷியா என்றால் பளிச்சென்று சொல்வான், நிலைமம் என்று பார்த்தால் ஒரு கணம் திகைப்பான். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று ஓடுகிற தேர்வில் அந்தத் திகைப்பு பெரிய விலை. "சித்தி, அங்க கணக்கும் ரீசனிங்கும்தான் நிறைய. சயின்ஸ் மெட்டீரியல் குடுத்துட்டு வீட்ல படிச்சுக்கினு வாங்கன்றாங்க" என்றான். அறுபது பிள்ளைகள் ஒரே ஹாலில். சந்தேகம் கேட்க வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் பஸ் போய்விடும்.

மகளின் வழி மெதுவானது. ஏழாம் வகுப்புக்கு மூன்று பருவப் புத்தகம், எட்டாம் வகுப்புக்கு ஒரே தடிப் புத்தகம். சார் ஒரு பழக்கம் ஏற்படுத்தினார். பாடத்தை வாசி, பெட்டிச் செய்தியை விடாதே, படத்தின் கீழ் இருக்கிற வரியையும் வாசி, பிறகு அந்தப் பக்கத்திலிருந்து நீயே ஐந்து கேள்வி எழுது. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். யார் கேள்விக்கு யாருக்கும் விடை தெரியவில்லையோ அவர்களுக்குத்தான் கைதட்டல். இந்த விளையாட்டு இல்லையென்றால் அவள் அளவீட்டியல் பாடத்தை இரண்டாம் முறை திறந்திருக்கவே மாட்டாள்.

இன்னொன்றும் நடந்தது, அது நம் ஊரால் நடந்தது. அழுத்தம் பாடத்தில் ஆழம் கூடக் கூடத் திரவ அழுத்தம் கூடும் என்று வருகிறது. மோர்தானா அணைக்கு ஒரு ஞாயிறு போனோம். அணைச் சுவர் ஏன் அடியில் அகலமாக, மேலே ஒடுக்கமாகக் கட்டுகிறார்கள் என்று அவளே சொன்னாள். குடியாத்தத்தில் தீப்பெட்டி தெரியாத வீடு உண்டா? என் மாமியார் ஒரு காலத்தில் பெட்டி ஒட்டினவர். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். அதனால்தான் பாதுகாப்புத் தீக்குச்சியைச் சுவரில் உரசினால் சாதாரணமாகப் பற்றாது. பாட்டியும் பேத்தியும் அரை மணி நேரம் இதைப் பேசினார்கள். அண்டமும் விண்வெளியும் பாடத்துக்கு நமக்குக் காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கிறது. ஜவ்வாது மலையில், பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் உலகம் அறிந்தபோது, காவலூரில் இருந்த 1 மீட்டர் தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. இதைக் கேட்டதிலிருந்து மகள் கோள்களின் வரிசையை மறக்கவில்லை. ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் பதனிடும் ஊர்களை அறிந்த பிள்ளைக்கு அமிலம், காரம், குரோமியம் எல்லாம் வெறும் சொல் இல்லை. இந்த வகைப் படிப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது. வீட்டில் யாராவது உட்கார்ந்து பேசினால் உண்டு.

சமூக அறிவியல் இரண்டு பக்கமும் சரியில்லை. சென்டரில் தொடவே இல்லை. நானும் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். 35 கேள்வியை அப்படித் தள்ளியது என் தவறு. அறிவியலுக்கும் அதற்கும் சம எடை என்பது எண்ணில் தெரிந்தும், மனது ஏற்கவில்லை.

செல்போனைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாடங்கள் அசைபடமாக, தமிழில், இலவசமாக இருக்கின்றன. புரியாத ஒரு பாடத்துக்கு அதைப் பார்ப்பது நல்லது. மின்னியலை மகள் அதில்தான் பிடித்தாள். ஆனால் போனை மட்டும் நம்பி உட்கார்ந்த நாட்களில் பார்த்த திருப்தி இருந்தது, மறுநாள் கேட்டால் விடை இல்லை.

நேரம் பிடித்து எழுதுவதில் சென்டருக்கு மறுபடியும் மார்க் கொடுப்பேன். ஞாயிறுதோறும் தேர்வு, ஓ.எம்.ஆர். தாள், விசில் அடித்தால் பேனா கீழே. அந்த ஒழுங்கு வீட்டில் வருவது கஷ்டம். மகள் முதல் முறை 90 நிமிடத்தில் 61 கேள்விதான் தொட்டாள். வட்டத்தைச் சித்திரம் போல நிரப்பிக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தை எதிரில் மாட்டி, டி.வி.யை அணைத்து, எட்டு ஞாயிறு நான் காவல் இருந்தேன். தெரியாததை விட்டுவிட்டுப் போ, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு வட்டத்தையும் காலியாக விடாதே. மார்க் குறைப்பு இல்லாத தேர்வில் காலி வட்டம் வீண். அதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஆறு வாரம் ஆனது, அவனுக்கு இரண்டே வாரம்.

அக்கா மகன் சைனிக் பள்ளி ஒன்பதாம் வகுப்பு நுழைவுத் தேர்வையும் எழுதினான். உடுமலை பக்கம் அமராவதி நகரில் இருக்கிற, ராணுவத்தில் சேரத் தயார் செய்கிற உறைவிடப் பள்ளி. அந்தத் தேர்வின் எடை வேறு. மொத்தம் 400 மார்க்கில் கணக்கு மட்டும் 200. அறிவியலுக்கு 50. மிச்சம் இங்கிலீஷ், நுண்ணறிவு, சமூக அறிவியல், தலா 50. ஒன்பதாம் வகுப்புக்கான வினாத்தாள் இங்கிலீஷில் மட்டும்தான். அதற்குப் போகிற பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சென்டரைத்தான் சொல்வேன். 50 கணக்கை வேகமாகப் போடும் பழக்கமும், இங்கிலீஷ் கேள்வியைத் தயங்காமல் வாசிக்கும் பழக்கமும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வராது. அந்த ஃபவுண்டேஷன் புத்தகம் அங்கே அவனுக்குக் கைகொடுத்தது. தவறு புத்தகத்தில் இல்லை. இரண்டு தேர்வுக்கும் ஒரே புத்தகம் போதும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டதுதான் தவறு. சேர்க்கும் முன் அக்காவும் நானும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "சார், என்.எம்.எம்.எஸ்.ஸுக்கு நீங்க சமச்சீர்ப் புத்தகத்தை நடத்துறீங்களா?"

விடைக்குறிப்பு வெளியானதும் இருவரும் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து திருத்திப் பார்த்தார்கள். மனத்திறனில் அவன் 71, அவள் 66. படிப்பறிவில் அவன் 44, அவள் 62. உதவித்தொகைப் பட்டியலில் அவள் பெயர் வந்தது, அவன் பெயர் வரவில்லை. அன்றைக்கு அவன் முகத்தை நான் மறக்க மாட்டேன். அவளைவிடக் கெட்டிக்காரன் அவன். எட்டு மாதம் ஒரு சனி ஞாயிறும் விளையாடாமல் பஸ்ஸில் போய் வந்த பிள்ளை. அறிவியலில் அவன் விட்ட கேள்விகளை எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டு கேள்வி ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் வரிக்கு வரி இருந்தது. "இந்த புக்க நான் தொறக்கவே இல்ல சித்தி" என்றான்.

இன்றைக்கு என்னிடம் யாராவது கேட்டால் என் கணக்கு இப்படித்தான் இருக்கும். என்.எம்.எம்.எஸ். மட்டும்தான் குறி என்றால் சென்டருக்கு 18,000 வேண்டாம். ஜூனிலிருந்து புத்தகம், செப்டம்பரிலிருந்து பழைய வினாத்தாள், நவம்பரிலிருந்து கடிகாரம். மனத்திறனில் பிள்ளை மிகவும் தடுமாறினால், அதற்கு மட்டும் குறுகிய வகுப்பு நடத்துகிறவர்களைத் தேடலாம். பள்ளியில் சாயங்கால வகுப்பு எடுக்கிற ஆசிரியர் இருந்தால் அவரை விடவே விடாதீர்கள். அவருக்கு இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, ஒரு டீ வாங்கிக்கொடுக்கக் கூட நமக்குத் தோன்றுவதில்லை. வீட்டில் படித்துச் சொல்ல ஆளில்லை, பள்ளியிலும் அப்படி ஒருவர் இல்லை என்றால் சென்டர் தப்பில்லை. சேர்த்த பிறகும் சமச்சீர்ப் புத்தகம் தினமும் ஒரு மணி நேரம் மேசை மேல் இருக்க வேண்டும்.

அக்காவின் சின்னவன் இப்போது ஏழாம் வகுப்பு. முதல் பருவம் முடிந்ததும் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது எல்லோர் வீட்டிலும் வழக்கம். மகளுக்கு இரண்டாம் பருவப் புத்தகம் கிடைக்காமல் எதிர்வீடு, பக்கத்துத் தெரு என்று நான் அலைந்திருக்கிறேன். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது அவனுடைய முதல் பருவ அறிவியல் புத்தகத்துக்குப் பெரியவன் அட்டை போட்டுக்கொண்டிருந்தான். மேலே தம்பி பெயரை எழுதி, கீழே "யாருக்கும் குடுக்காதே" என்று எழுதியிருந்தான்.