"திசை பார்த்துச் செய்த" ஆடியோ கேபிள்: வாங்கும் முன் கவனம்

வீட்டில் கையால் செய்து விற்கும் ஆடியோ கேபிள்களில், "ஒவ்வொரு ஒயரையும் காதால் கேட்டுத் திசை குறித்தது" என்ற விளம்பரம் கண்ணில் பட்டால், காசு அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரைப் போடப்போவதில்லை. சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலிருந்தே செய்து இணையத்தில் விற்கும் நம்மவர் ஒருவர், அவ்வளவு போதும்.

பாட்டுக் கருவியை ஆம்ப்ளிபயரோடு இணைக்கும் ஆர்சிஏ கேபிள் ஒரு ஜோடி 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் 60 வெள்ளி திசை பார்த்த கூலி! செம்பை அச்சுத் துளை வழியே இழுத்துக் கம்பியாக்கும்போது உள்ளே இருக்கும் படிகங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம்; சிக்னல் அந்தப் பக்கமாக, அதாவது கேபிளில் ஒட்டிய அம்புக்குறி காட்டும் பக்கமாகப் போனால்தான் வீணை வீணையாகக் கேட்குமாம்.

நானும் ஒரு ஜோடி வாங்கினேன். மாட்டியதுமே இடது ஸ்பீக்கரில் உர்ரென்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், நம் வீட்டு மின்சாரத்தின் குரல். விற்றவரை அழைத்துச் சொன்னேன். "அம்பைப் பார்க்காம மாட்டியிருப்பீங்க தம்பி, திருப்பிப் போடுங்க" என்றார். பார்த்துத்தான் மாட்டியிருந்தேன். சரி என்று திருப்பிப் போட்டால் இரைச்சல் நின்றுவிட்டது. "பார்த்தீங்களா, ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டேன் போல" என்று சிரித்தார். மறுநாள் அதே உறுமல். இப்போது பேச்சு மாறியது: "200 மணி நேரம் ஓடட்டும் லா, ஒயர் பழகணும்." நிறுத்தாமல் ஓடவிட்டாலே அதற்கு எட்டு நாளுக்கு மேல் ஆகும். பணத்தைத் திருப்பிக் கேட்க அவர் வைத்திருந்த கெடுவோ ஏழு நாள்.

பிளக்கின் மூடியைக் கழற்றி, இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் மல்டிமீட்டர் கருவியை வைத்தேன். திரும்பி வரும் ஒயரில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. கேபிளை அசைத்தால் இணைப்பு வரும், விட்டால் போகும். திருப்பிப் போட்டபோது இரைச்சல் நின்றது அந்த அசைவால்தான். இந்த வித்தை தெரியாதவர்கள் திசைக் கதையை அப்படியே நம்பிவிடுவார்கள்.

ஆடியோ சிக்னல் மாறுதிசை மின்னோட்டம். 1,000 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் மின்னோட்டம் நொடிக்கு ஆயிரம் முறை போய் வருகிறது. செம்பு ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் விட்டால் அது டையோடு செய்யும் வேலை. எப்படி மாட்டினாலும் ஒலி சிதையுமே தவிரத் தெளியாது. அந்த ஈயப் பற்றவைப்பை நானே சரிசெய்துவிட்டு, ஒரே பாட்டை இரண்டு திசையிலும் கணினியில் பதிந்தேன். ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால் வித்தியாசம் மட்டும் மிஞ்சவேண்டும். மிஞ்சியது கருவியின் சன்னமான இரைச்சல்தான். வீணையும் இல்லை, தம்புராவும் இல்லை.

ஆனால் அம்புக்குறி போட்ட எல்லாக் கேபிளும் ஏமாற்று இல்லை. உள்ளே இரண்டு ஒயர், சுற்றிலும் வெளி இரைச்சலைத் தடுக்கும் பின்னல் உறை (ஷீல்டு) என்று இருக்கும் சில கேபிள்களில் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைப்பார்கள், வழக்கமாகச் சிக்னல் கிளம்பும் கருவியின் பக்கம். அம்பு அதைத்தான் காட்டும். திருப்பி மாட்டினால் இரைச்சல் கொஞ்சம் கூடலாம், குறையலாம். அதற்கும் செம்பின் படிகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் விற்பவரிடம் "ஷீல்டு எந்த முனையில் சேர்ந்திருக்கிறது?" என்று கேளுங்கள். என் ஆள் அதற்கு "அதெல்லாம் தொழில் ரகசியம்" என்றார். நேரில் வாங்கினால் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், இரண்டு முனையிலும் வைத்துக் கேபிளை ஆட்டிப் பாருங்கள்.

பணத்தைக் கேட்டபோது, பிளக்கைத் திறந்ததால் உத்தரவாதம் போய்விட்டது என்றார். பழுதான பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தரும் லெமன் சட்டம் வணிகர்கள் விற்ற பொருளுக்குத்தான், தனியாள் விற்றதற்கு இல்லை. "நான் பொழுதுபோக்குக்குச் செய்யறேன்" என்று அந்த ஓட்டைக்குள் நுழைந்துகொண்டார். ஆனால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். பேசிய குறுஞ்செய்திகளையும் விளம்பரத்தின் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். அங்கே போகப்போகிறேன் என்று எழுதியதும் 100 வெள்ளி வந்து சேர்ந்தது. மீதி 80க்கு விண்ணப்பம் தயாராகிறது.