அமைதி தேடி மலைக்கு வந்து நான் வாங்கிய சத்தம்: புல்லு மெஷின், இரண்டு வருட அனுபவம்

சென்னையில் 24 வருடம் கணக்கெழுதிவிட்டு, 2022 கடைசியில் திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடிப் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம், நானும் வீட்டுக்காரரும். வேளச்சேரி வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கும் லாரி ஹாரன் கேட்கும். இங்கே முதல் வாரம் முழுக்க, சத்தமே இல்லாததால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் பிரஷ் கட்டர், தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிற பெட்ரோல் மெஷின். இங்கே எல்லாரும் சொல்வது புல்லு மெஷின். அதை ஓட்டினால் எதிர் மலையில் இருக்கிறவருக்கும் கேட்கும்.

தோட்டம் வாங்கப் போகிறவர்களுக்குப் புத்தி சொல்ல ஆள் நிறைய உண்டு. தண்ணீர் பாருங்கள், பாதை பாருங்கள், பட்டா பாருங்கள். புல்லைப் பற்றி மட்டும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் பதினைந்து நாளில் கணுக்காலில் இருந்தது முழங்காலுக்கு வந்துவிடும். அசந்தால் காப்பிச் செடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே நேரம்தான் காப்பிப் பழம் பறிக்கிற காலமும் தொடங்கும். கூலிக்கு ஆள் கிடைக்காது. கிடைத்தபோதும் நாலு பேர், மூணு நாள், தலைக்கு 500 என்று ஒரு வெட்டுக்கு 6,000 ரூபாய் போனது. வருடத்துக்கு நாலு வெட்டு.

சரி, மெஷின் வாங்கலாம் என்று 2023 ஆனியில் மலையிறங்கினோம். கடைக்காரத் தம்பி முக்கால் மணி நேரம் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். 'மெஷின் ஓட்டப்போறது நான்தான் தம்பி' என்றேன். 'அம்மா, இது எட்டு கிலோம்மா' என்றார். இருபது வருடம் காஸ் சிலிண்டரை உருட்டியவளிடம் எட்டு கிலோ கதை.

அன்று வாங்கியது 9,400 ரூபாய்க்கு ஒரு டூ ஸ்ட்ரோக் மெஷின். பெயர் வேண்டாம். அதே மெஷினை நாலைந்து பெயரில், ஸ்டிக்கர் மட்டும் மாற்றி ஒட்டி விற்கிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. பெட்ரோலில் லிட்டருக்கு 25 மில்லி டூ டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கென்றே வரும் ஆயில், கலந்து ஊற்ற வேண்டும். முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஆறு வாரம் வேலை இல்லாமல் டேங்கில் பெட்ரோலோடு கொட்டகையில் கிடந்தது. திரும்ப எடுத்தபோது தேர் வடம் இழுக்கிற மாதிரி கயிற்றை இழுத்தும் அசையவில்லை. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு உண்டு, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். கார்புரேட்டர் முழுக்க அடைப்பு. இதற்கு மெஷினை மட்டும் குறை சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் மிச்சப் பெட்ரோலை வடித்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும் என்று விற்றவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசியில் ஒருநாள் வீட்டுக்காரர் ஆயில் கலக்க மறந்து ஊற்றி, பிஸ்டன் பிடித்துக்கொண்டது. அதோடு அதன் கதை முடிந்தது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இரண்டாவது மெஷின் 2024 தை மாதம் வாங்கியது. ஃபோர் ஸ்ட்ரோக், 35 சிசி, 28,500 ரூபாய். தமிழக அரசின் உழவன் செயலியில் பதிந்தால் இந்த மாதிரிக் கருவிகளுக்கு மானியம் கிடைக்க வழி உண்டு. காத்திருக்கப் பொறுமையில்லாமல் முழு விலை கொடுத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் தனி, என்ஜின் ஆயில் தனி. கலக்கிற வேலையே இல்லை. முதல் பத்து மணி நேரத்தில் ஆயில் மாற்றினேன், அப்புறம் ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை. நூறு மில்லிதான் பிடிக்கும். சத்தம் குறைவு என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். குறைவுதான், ஆனால் அது மிக்சிக்கும் கிரைண்டருக்கும் உள்ள வித்தியாசம். காதுக்கு அடைப்பான் போடாமல் ஓட்டாதீர்கள். ஒரு டேங்க் முக்கால் மணி நேரம் வரும். இரண்டு டேங்க் முடித்துவிட்டு டீ டம்ளரைப் பிடித்தால், டீயின் மேல் சின்னச் சின்ன வளையமாக அலை ஓடும். கை நின்றாலும் அதிர்வு நிற்காது. அதனால் நாளைக்கு இரண்டு டேங்க்தான், மூன்றாவது கிடையாது.

மெஷினைத் தோளில் மாட்டுகிற வார்ப்பட்டை ஆண்களின் தோளை அளந்து தைத்தது. கடைசி ஓட்டை வரை இறுக்கியும் மெஷின் என் தொடையில் இடித்தது. வத்தலக்குண்டில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து 40 ரூபாயில் இரண்டு ஓட்டை போட்டு வாங்கிய பிறகுதான் நிம்மதி.

பிளேடு மாற்றுவது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முதல்முறை அந்த நட்டைக் கழற்ற அரை மணி நேரம் போராடினேன். ஸ்பேனரில் ஏறி நின்றுகூடப் பார்த்தாயிற்று. சாயங்காலம் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்பர் ரிப்பேருக்கு வந்த பையன் பார்த்துச் சிரித்துவிட்டு, 'இது எடப்பக்க மரைம்மா' என்று எதிர்ப்பக்கம் ஒரு திருகு திருகினான், கழன்று வந்தது. சுற்றும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக மரையை மாற்றி வெட்டியிருக்கிறார்கள். நான் அதுவரை கழற்றவில்லை, பலம் கொண்ட மட்டும் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மூன்று பல் பிளேடு உண்ணிச்செடிக்கும் தடித்த தண்டுக்கும். கல்லில் பட்டால் மெஷின் ஆளையே வலப்பக்கம் தூக்கி அடிக்கும். கல் நிறைந்த இடத்துக்கும் இளம்புல்லுக்கும் பிளேடுக்குப் பதிலாக மாட்டுகிற நைலான் நரம்புதான் நல்லது. ஆனால் நரம்பும் சாது இல்லை. காப்பிச் செடியின் அடியில் ஒட்டி ஓட்டினேன், பட்டை சுற்றிலும் உரிந்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து இலை பழுத்து இரண்டு செடி நின்றபடியே செத்தன. இப்போது ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஒரு அடி விட்டுவிடுகிறேன், அங்கே அரிவாள்தான். முகக் கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ், இரண்டும் இல்லாமல் தொடக்கூடாது. என் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு கூழாங்கல் போட்ட தழும்பு இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கடையில் யாரும் சொல்லாதது. முன்பு ஆட்கள் மண்வெட்டியால் கொத்தி, தரையை வழித்துவிட்டதுபோல் சுத்தம் செய்வார்கள். பார்க்க அழகு. அடுத்த மழைக்குச் சரிவிலிருந்து செம்மண் கரைந்து ஓடையில் போகும். மெஷின் புல்லின் தலையை மட்டும் எடுக்கிறது, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டிய புல் அங்கேயே மூடாக்காகக் கிடக்கிறது. போன கார்த்திகை மழையில் ஓடைத் தண்ணீர் எங்கள் வரப்பைத் தாண்டும்போது டீத்தண்ணி நிறத்தில் இல்லை. அதற்கு முந்தின வருடம் இருந்தது.

பிடிக்காததும் உண்டு. பனி காய்வதற்குள் ஓட்டினால் புல் பிளேடு சுழல்கிற தலையில் சுற்றிக்கொண்டு என்ஜின் திணறும். ஆக ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்க முடியும், அப்போது வெயில். சித்திரையில் கோடை மழை பெய்து காப்பி பூக்கிற நாட்களில் ஓட்டவே மாட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் தேனீப் பெட்டி இருக்கிறது, அதிர்வுக்கு அவை சீறும். தவிர, மலையே மல்லிகை மாதிரி மணக்கிற அந்த நாலு நாளில் பெட்ரோல் புகை போட எனக்கே மனம் வராது. உதிரிப் பாகத்துக்கு மலையிறங்க வேண்டும், ஒரு நாள் போய்விடும். ஸ்பார்க் பிளக் இரண்டு, நரம்பு ஒரு கட்டு, ஏர் ஃபில்டர் ஒன்று முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

பணக் கணக்கு: முதல் மெஷினையும் பெட்ரோலையும் விட்டுவிட்டுப் பார்த்தால், ஐந்தாவது வெட்டில் போட்ட காசு வந்துவிட்டது. முன்பு வெட்ட வந்த நாலு பேரில் ஒருவர் பக்கத்துத் தோட்டத்து அக்கா. மெஷின் வந்த புதிதில், 'பட்டணத்துக்காரவுகளுக்கு எல்லாம் கரண்டு, பெட்ரோலு' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கூலி குறைந்தது என்னால்தான், மறைக்க ஒன்றுமில்லை. போன மாசியில் அவராகவே வந்து, 'ஏந்தாயி, அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து நம்ம பாதையில ரெண்டு இழுப்பு இழுத்துவிடேன்' என்றார். இழுத்துவிட்டேன். பதிலுக்கு என் செடிகளின் அடியைச் சுற்றி அவர்தான் அரிவாள் போடுகிறார். நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவர் இரண்டு முடித்துவிட்டு, வெற்றிலை மடித்துக்கொண்டு, எனக்காக வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்.