ஆர்டி-பிசிஆரா, ஆன்டிஜனா? கொரோனா கணக்கெடுப்பில் இரண்டு வழிகள்

2020 ஜூனில் டெல்லி, கொரோனா வைரஸின் புரதத்தைத் தேடும் ரேபிட் ஆன்டிஜன் பரிசோதனையைக் கையில் எடுத்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்து, கிட்டில் சொட்டு விட்டால் அரை மணி நேரத்தில் முடிவு. தமிழ்நாடோ வைரஸின் மரபணுவைத் தேடும் ஆய்வகச் சோதனையான ஆர்டி-பிசிஆரையே நம்பியது. மாதிரி ஐஸ் பெட்டியில் ஆய்வகம் போகணும். முடிவுக்கு ஓரிரு நாள் ஆகும்.

வேகத்தில் ஆன்டிஜன்தான். ஆனால் வைரஸ் குறைவாக இருந்தால் தவறவிடும். அதனால்தான் அறிகுறி உள்ளவருக்கு ‘நெகட்டிவ்’ வந்தால் ஆர்டி-பிசிஆர் எடுக்கச் சொன்னது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். அந்த இரண்டாவது சோதனை விட்டுப்போனால் நோயாளி கணக்கிலேயே வரமாட்டார். சோதித்தவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று என்று சொல்லும் பாசிட்டிவ் விகிதமும் பொய்யாகக் குறையும். மாநிலக் கணக்குக்கு என் ஓட்டு ஆர்டி-பிசிஆருக்கே. ஆய்வகம் தொலைவில் உள்ள ஊர்களுக்கு மட்டும் ஆன்டிஜன் தரலாம்; அங்கே ஆர்டி-பிசிஆர் முடிவுக்குக் காத்திருப்பதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றிவிடலாம்.